வெள்ளித்தாலம் நூற்றெட்டு

சேலையூர், கிழக்குத் தாம்பரம்
செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி

கர்த்தருக்குள் மரியாதைக்குரிய ஞானசுந்தரி அக்காவுக்கு, தம்பி குப்புராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கே நான், செல்லம்மா, மகன் ஜெபகுமார், மருமகள் கிறிஸ்டினா நால்வரும் தேவ கிருபையால் நலம். உங்கள் முழங்காலும் மாமாவின் சர்க்கரையும் போன கடிதத்தில் இருந்ததைவிட நல்ல நிலைமையில் இருக்கும் என்று நம்புகிறேன். என் வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் முடிந்து இன்றோடு பத்தொன்பது நாள். எழுதப் படிக்க டாக்டர் நேற்றுதான் அனுமதி கொடுத்தார். எழுத்து பெரிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான், கோபம் இல்லை.

பொறையாறு சபையின் மாதர் சங்கத்தில் அடுத்த மாதம் குடும்ப ஜெப ஞாயிறு வைத்திருப்பதாகவும், நம் வீட்டில் ஜெபம் எப்படி நடக்கிறது என்று நான் எழுதினால் அதை மாதிரியாக அங்கே வாசிப்பதாகவும் கேட்டிருந்தீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டு, வாசிக்கலாமா கூடாதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

நம் வீட்டு முறை உங்களுக்குத் தெரியும். காலை ஐந்து நாற்பத்தைந்துக்கு ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்தால் முதலில் ஒரு ஞானப்பாட்டு, அடுத்து வேதத்தில் ஒரு அதிகாரம், பிறகு ஞானோபதேசத்தில் ஒரு கேள்வி, கேள்வி என்னுடையது, பதில் அவர்களுடையது, கடைசியில் கர்த்தருடைய ஜெபம், ஆறு பத்துக்குப் பாயைச் சுருட்டியாக வேண்டும். ஆதியாகமத்தில் ஆரம்பித்து வரிசையாக, வம்ச வரலாறு வந்தாலும் அளவுக் கணக்கு வந்தாலும் ஒரு வசனம்கூடத் தாண்டாமல் படிப்பது என் வழக்கம். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் விட்டதில்லை. வெள்ளம் வந்த வருஷம் மொட்டை மாடியில், மேலே ஹெலிகாப்டர் சத்தத்தோடு சத்தமாக, புலம்பல் மூன்றாம் அதிகாரம் படித்தோம். குரோம்பேட்டை தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் டைம் ஆபீஸில் இருந்தவன் என்பதால், யார் எத்தனை மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தும் வைக்கிறேன். செல்லம்மாவுக்கு அந்த நோட்டைக் கண்டால் ஆகாது. "மோட்சத்துக்கும் இவருதான் கேட்டுல நின்னு கார்டு பஞ்ச் பண்ணுவாரு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள்.

வேதத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் உண்டு. படித்து முடித்ததும் அதை மறுநாள் படிக்க வேண்டிய அதிகாரத்தில் வைத்து மூடுவேன். முன்பு ஒருமுறை ஜெபகுமார் அதை எடுத்து விளையாட்டாக வேறு பக்கத்தில் வைத்து, நாங்கள் நியாயாதிபதிகளிலிருந்து நேராக ஆமோசுக்குப் போய்விட்டோம். அன்று முதல் ரிப்பனில் என் கை தவிர வேறு கை படக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். கிறிஸ்டினா கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவளிடமும் இதைச் சொல்லிவிட்டேன்.

ஆபரேஷன் நடந்த வியாழக்கிழமை காலையில் எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தை நானே படித்து, ரிப்பனை ஏழில் வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். குனியக் கூடாது, படிக்கக் கூடாது, நாலு வேளை சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வெள்ளிக்கிழமை முதல் வாசிக்கும் பொறுப்பை ஜெபகுமாரிடம் கொடுத்தேன். நான் கண்ணாடியோடு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்பது என்று ஏற்பாடு.

எண்ணாகமம் ஏழு எப்படிப்பட்டது என்று உங்கள் சங்கத்துப் பெண்களுக்கு நினைவில்லாமல் இருக்கலாம். எண்பத்தொன்பது வசனம். பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் நாளுக்கு ஒருவராக வந்து காணிக்கை வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு வெள்ளித்தாலம், ஒரு வெள்ளிக்கலம், ஒரு பொன் தூபகரண்டி, பிறகு காளை, கடா, ஆட்டுக்குட்டி. பன்னிரண்டு பேருக்கும் அதே தாலம், அதே கலம், அதே கரண்டி. ஆள் பெயர் மட்டும் மாறும். மற்ற அதிகாரம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தால் இது பதினேழு நிமிஷம் பிடித்தது.

அந்தப் பதினேழு நிமிஷத்தில்தான் வீட்டில் குழப்பம் ஆரம்பித்தது. கிறிஸ்டினாவுக்குச் சிறுசேரியில் வேலை. கேம்ப் ரோட்டில் ஆறு முப்பத்தைந்துக்குக் கம்பெனி பஸ். திங்கட்கிழமை பஸ் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை ஒரு கையில் டிபன் பாக்ஸும் இன்னொரு கையில் செருப்புமாக ஓடிப் பிடித்தாள். புதன்கிழமை மறுபடியும் போய்விட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கண்ணில் சொட்டு மருந்தை விட்டுவிட்டு, மெதுவாக ஆரம்பித்தாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ஃபேமிலி ப்ரேயரை சண்டே மட்டும் வச்சுக்கலாமா? உங்க கண்ணு சரியாகுற வரைக்குமாவது?"

என் கண்ணுக்கும் அவள் பஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. அதற்குள் ஜெபகுமார், "இல்லன்னா வாட்ஸ்அப்ல ஒரு குரூப் போட்ரலாம்ப்பா. நான் வாசிச்சு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்றேன். அவ பஸ்ல கேட்டுக்குவா, நான் டிரெயின்ல கேட்டுக்குவேன்" என்றான்.

"நீ வாசிச்சதை நீயே டிரெயின்ல கேப்பியா?" என்றாள் செல்லம்மா.

"அம்மா, அது ஒரு பேச்சுக்கு."

"ஆமென்னுக்கு இன்னாடா பண்ணுவ? கை கூப்புற பொம்மை போடுவியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. தினமும் என்பது ஞாயிறு மட்டும் என்று ஆனால், ஞாயிறு மட்டும் என்பது கிறிஸ்மஸ் மட்டும் என்று ஆவதற்கு எத்தனை நாள் பிடிக்கும்? டைம் ஆபீஸில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிஷம் தாமதத்துக்கு அனுமதி கொடுத்தால் அடுத்த மாதம் அரை மணி. சனிக்கிழமை எல்லாருக்கும் லீவு. காலை ஜெபம் முடிந்ததும் நாலு பேரும் பேசி முடிவெடுப்போம் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். மூன்று பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்றால் இருபத்தாறு வருஷம் அன்றோடு முடிந்தது. செல்லம்மா எந்தப் பக்கம் என்று கேட்டுப் பார்த்தேன். "நான் தோசை பக்கம். ஜெபம் முடியறதுக்குள்ள மாவு பொங்கி வழியுது" என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. ஜெபகுமார் வாசித்தான். நான் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு, பிறகு பேசப்போவதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஆமென் சொன்னோம். பாயைச் சுருட்டவில்லை. "சரி, இப்போ பேசலாம்" என்று நான் தொண்டையைச் செருமிய நேரத்தில் காலிங் பெல் அடித்தது.

பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி. அவர்கள் இந்த ஃபிளாட்டுக்குக் குடிவந்து ஆறு வருஷமாகிறது. அவர்கள் சமையலறையும் எங்கள் ஹாலும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். இரண்டு ஜன்னல்களும் வெளிச்சத்துக்காக விட்ட ஒரே இடைவெளியைப் பார்த்திருக்கும், இங்கே வாசிப்பது அங்கே கேட்கும். மாமி குளித்து, புதுப் புடவை கட்டி, கையில் மூடி போட்ட பெரிய எவர்சில்வர் பாத்திரத்தோடு நின்றார். பின்னால் அவர் வீட்டுக்காரர் யக்ஞநாராயணன் சார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"குப்புராஜ் சார், இன்னிக்குப் பூர்த்தி ஆயிடுத்தோன்னோ?" என்றார் மாமி.

"என்ன மாமி பூர்த்தி?"

"பாராயணம்தான்! நான் தினம் டிகாக்ஷன் போட்டுண்டே எண்ணிண்டிருக்கேனே. ஒரு நாளைக்குப் பன்னெண்டு வெள்ளித்தாலம். ஒம்போது நாள். நூத்தியெட்டு! கணக்கா நூத்தியெட்டுல நிறுத்தியிருக்கேள். கண்ணுக்காக வேண்டிண்டேளா?"

யக்ஞநாராயணன் சார் குறுக்கிட்டார். "மூணாம் நாளே கேக்கறேன்னா. விரதத்துக்கு நடுவுல போய் விசாரிக்கப்படாது, முடியட்டும்னு நான்தான் நிறுத்தி வச்சேன். எங்காத்துல சகஸ்ரநாமம் சொல்லும்போது நான் நடுவுல நாலு நாமத்தை முழுங்கிடுவேன். உங்க பிள்ளை ஒம்போது நாளும் ஒரு கரண்டியைக்கூட விடலை. வெரி டிசிப்ளிண்டு ஃபேமிலி."

மாமி மூடியைத் திறந்தார். கேசரி. முந்திரி தெரிந்தது.

அக்கா, நான் உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிஷத்தில் "ஆமாம் மாமி, கண்ணுக்காகத்தான்" என்று சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் ஜெபகுமார் எழுந்து போய் வேதத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, ரிப்பன் ஏழுலயே கீதுப்பா" என்றான். இன்ஜினீயரிங் படித்தவன்; அதிர்ச்சியில் அவன் பேச்சு பிறந்த ஊருக்குப் போய்விட்டது.

"நீ மாத்தி வைக்கலையா?"

"நீங்கதான ரிப்பன்ல கை வைக்கக் கூடாதுன்னீங்க! ரிப்பன் இருக்குற இடத்தைத் திறந்தேன், வாசிச்சேன், மூடினேன்."

"ஒன்பது நாள் ஒரே அதிகாரத்தை வாசிக்கிறோம்னு உனக்குத் தெரியலையா?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

வாசித்தவனுக்குத் தெரியவில்லை. கேட்டவனுக்குத் தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் காபி போட்டுக்கொண்டிருந்த மாமிக்குத் தெரிந்திருக்கிறது. என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். டாக்டருக்குத் தெரியாமல் ஒன்பது நாளும் நாலு பேருக்கும் "ஆஜர்" போட்டிருந்தேன். தொழிற்சாலையில் கார்டைப் பஞ்ச் செய்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் தூங்குகிறவர்களை எத்தனை பேரை நான் பிடித்திருக்கிறேன்! அந்த ஒன்பது நாள் நான் என்ன செய்தேன் என்று யோசித்தால், முதல் மூன்று நாள் கண் உறுத்துகிறதா என்று கவனித்தேன். மீதி ஆறு நாள் மற்றவர்கள் கவனிக்கிறார்களா என்று கவனித்தேன்.

முதலில் சிரித்தது செல்லம்மா. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தவள், "நூத்தியெட்டு வெள்ளித்தட்டு! நம்ம வூட்ல ஒண்ணுகூட இல்ல" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிறிஸ்டினா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜெபகுமார் சிரித்ததில் வேதம் கையிலிருந்து நழுவப் பார்த்தது. யக்ஞநாராயணன் சார் வாழைப்பழத்தைப் போட்டுவிட்டு அதைப் பிடித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுத்திச் சிரிக்கக் கூடாது, கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் இந்தக் காட்சியைப் பார்க்கவில்லை.

மாமிக்கு விவரம் சொன்னோம். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "தெரிஞ்சு சொன்னா என்ன, தெரியாம சொன்னா என்ன, நூத்தியெட்டு நூத்தியெட்டுதான்" என்று தட்டு எடுத்துவரச் சொல்லிக் கேசரியைப் பரிமாறினார். பிறகு, "அது இருக்கட்டும், பன்னெண்டு பேரும் குடுத்தாச்சே, அப்புறம் என்ன ஆச்சு? நேக்கு ஒம்போது நாளா அதுதான் யோசனை" என்றார்.

எங்கள் நாலு பேருக்கும் தெரியாது. கிறிஸ்டினாதான் புத்தகத்தை வாங்கி எட்டாம் அதிகாரத்தைப் பார்த்தாள். "விளக்கு ஏத்துறது மாமி. ஏழு விளக்கு."

"பேஷ். நாளைக்குக் கொஞ்சம் சத்தமா வாசிங்கோ."

கிறிஸ்டினா பக்கத்தைப் புரட்டி எண்ணிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இருபத்தாறு வசனம்தான் மாமா. நாலு நிமிஷம் ஆகும். இப்படின்னா எனக்குப் பஸ் கிடைச்சுடும். தினமும் வச்சுக்கலாம்."

இருபத்தாறு வருஷத்து வழக்கம், ஓட்டெடுப்பு இல்லாமல், கேசரி ஆறுவதற்குள் பிழைத்தது. ஸ்தோத்திரம் சொல்லி அன்றே ரிப்பனைக் கிறிஸ்டினாவிடம் ஒப்படைத்துவிட்டேன். ஏழு போல மிக நீண்ட அதிகாரம் வந்தால் இரண்டாகப் பிரிப்பது என்றும், வாசித்த பிறகு ஒவ்வொருவரும் கேட்டதில் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றும் புதுச் சட்டம். நோட்டு பழைய பேப்பரோடு போய்விட்டது. இன்று பதினேழாம் அதிகாரம். காய்ந்த கோல் ஒரே ராத்திரியில் துளிர்த்துப் பூத்துக் காய்த்ததைக் கிறிஸ்டினா வாசித்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் மிக்சி நின்றதைக் கேட்டேன்.

இதுதான் நம் வீட்டுக் குடும்ப ஜெபம். ஒரே ஒரு குறையை மட்டும் மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் நால்வரில் கவனம் மிகக் குறைந்தது மருமகளுக்குத்தான். அவளைக் குற்றம் சொல்லவில்லை; அந்த ஒன்பது நாளும் அவள் கண் சுவர்க் கடிகாரத்தில்தான் இருந்தது, காது எப்படி வேதத்தில் இருக்கும்? சின்னப் பெண், சிறுசேரி வேலை. கர்த்தர் அவளுக்குக் கேட்கும் செவியைத் தர வேண்டும் என்று உங்கள் சங்கத்தில் கிறிஸ்டினா என்று பெயர் சொல்லி ஜெபிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கமும், பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதமும். செல்லம்மா உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சொல்கிறாள். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டையும் சபையையும் காப்பாராக.

உங்கள் அன்புத் தம்பி,
குப்புராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, சாயங்காலம் வந்த கிறிஸ்டினாவிடம் உங்கள் பின்கோடைச் சரிபார்க்கச் சொன்னேன். அவள் உறையோடு உள்ளே இருந்ததையும் படித்துவிட்டாள். "மாமா, எனக்கு மூணாம் நாளே தெரியும்" என்றாள். ஜெபகுமாரிடம் சொன்னாளாம்; அவன், "இந்த அதிகாரமே அப்படித்தான், சொன்னதையே சொல்லும்" என்றானாம். "அப்ப என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "ஆபரேஷன் ஆகி நீங்க கண்ண மூடிக்கிட்டு அவ்ளோ சந்தோஷமா ஆமென் சொன்னீங்க. ரிப்பனை மறந்துட்டீங்கன்னு எப்படிச் சொல்றது? உங்களுக்கு வருத்தமா இருக்கும்ல. அதான் உங்க கண்ணு சரியாகுற வரைக்கும் சண்டே மட்டும் வச்சுக்கலாமான்னு கேட்டேன். அப்புறம் நீங்களே வாசிச்சு ரிப்பனை மாத்தி வச்சுடுவீங்களே. பஸ்ஸை அடுத்த ஸ்டாப்புல பிடிச்சுக்குவேன் மாமா, அது ஒரு விஷயமே இல்ல" என்றாள். ஆகவே அக்கா, இத்தனை பக்கத்தையும் திரும்ப எழுத டாக்டர் விடமாட்டார். கடைசிக்கு முந்தின பத்தியில் அவள் பெயர் இருக்கும் இடத்தை நீங்களே அடித்துவிட்டு, என் பெயரைப் போட்டு ஜெபிக்கச் சொல்லுங்கள்.