கீழ்மடைப் புகார்

"மாப்ள, உங்க தண்ணி வந்து என் வயலே போச்சு!"

வெளிறிப்போன குதிரைமசால் தீவனக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கயாம்பே ஊர் ரோஜாப் பண்ணையின் வாசலில் நின்றாள் சொய்லா. பைரோனுக்கு அவள் மாமியார். பண்ணைக்குக் கீழ்மடை விவசாயியும்கூட. இரண்டில் ஒன்றே ஓர் ஆளுக்குத் தாராளம்.

பைரோன் அசரவில்லை. பசுமைக்குடில்களில் ரோஜாவுக்குப் பாய்ந்து மிஞ்சி வழியும் தண்ணீரை நாணல் படுகையில் தேக்கி, சுத்தமாக்கிக் கீழ்மடை வயல்களுக்கு அனுப்பும் ஏற்பாடு அவனுடையதுதான். போன வருடம் வெட்டியது. ஜூன் மாதம் ஆய்வாளர் வருகிறார். கீழ்மடையில் ஒரு புகார் இருந்தாலும் பண்ணைக்குச் சான்றிதழ் கிடைக்காது. அவனுக்கு வேலை இருக்காது.

"புரிஞ்சுபோச்சு அத்தை. சுத்தம் பத்தல. அவ்ளோதானே?"

"அது இல்ல மாப்ள, நான் சொல்ல வர்றது..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். என்கிட்ட விடுங்க!"

அன்றைக்கே ஆள்விட்டு நாணலை இரண்டு மடங்காக நட்டான்.

மூன்று மாதம் கழித்து மறுபடி வந்தாள். முழங்கால் உயரம் நின்ற குதிரைமசால் இப்போது கணுக்காலைத் தாண்டவில்லை.

"இதைத் தின்னுட்டு என் கினிப்பன்றிங்க எப்படித் தேறும்? சான் பெட்ரோ திருவிழா விருந்துக்கு எதைச் சுடறது, உங்களையா?"

"ஒரே மாசம், அத்தை! பாத்துட்டுப் பேசுங்க."

இன்னொரு படுகை வெட்டினான். ஜல்லி பரப்பினான். தண்ணீர் ஆறு நாள் தங்கிப் போகும்படி மதகை இறக்கினான். மாமியார் வாயை மூடிவிட்டோம் என்று மனைவியிடம் மார்தட்டியும் வைத்தான்.

ஆய்வாளர் வந்தார். கடைசி மதகில் குப்பியில் பிடித்த தண்ணீரை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"அடேயப்பா! சரி, கீழ்மடையில யாருக்காவது குறை இருக்கா?"

"இருக்கு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். எலும்பும் தோலுமான கினிப்பன்றி ஒன்றைக் கையில் பிடித்தபடி சொய்லா நின்றாள்.

பைரோன் மதகருகே குனிந்தான். ஒரு டம்ளர் மொண்டு, மடமடவென்று குடித்துக் காட்டினான்.

"பாருங்க சார், இதுதான் அவங்க வயலுக்குப் போற தண்ணி! இதையா அழுக்குங்கறாங்க?"

"அழுக்குன்னு யாரு சொன்னா?" என்றாள் சொய்லா. "உங்க ரோஜாவுக்குப் போட்ட உரத்துலயே பன்னண்டு வருசம் விளைஞ்ச வயலு மாப்ள அது, அந்தப் பழைய அழுக்குத் தண்ணியத் தொறந்து விடுங்கன்னுதான் ஆறு மாசமா கத்திக்கிட்டிருக்கேன்!"