மருமகன் வரும் பாதை குறித்துச் சில ஐயங்கள்

நெளுக்குளம்,
வவுனியா.

அன்புள்ள தங்கச்சி இராசேஸ்வரிக்கு,

செல்வநாயகம் அண்ணா எழுதிக்கொள்வது. இங்கே நானும் கமலாசனியும் தேனுகாவும் நலம். அங்கே நீயும் மச்சான் சுதாகரனும் நலமாயிருக்க வற்றாப்பளை அம்மாள் அருள்புரியட்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று யோசிப்பாய். வட்ஸ்அப்பில் எழுதினால் உன் மகன் பார்த்துவிடுவான், போனில் சொன்னால் என் மகள் கேட்டுவிடுவாள். தபாலை மட்டும் இப்போது யாரும் கவனிப்பதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ சின்னம்மாவின் மகளானாலும் உன்னைக் கூடப்பிறந்தவளாகவே நினைத்தவன் நான். அதனால்தான் உன் மகன் கிருசாந்தனுக்குத் தேனுகாவைக் கேட்டபோது மறுபேச்சில்லாமல் தலையாட்டினேன். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளை, கம்பியூட்டர் வேலை, கனடாப் பாஸ்போர்ட் என்றாய். ஒருக்கால் நேரில் வந்து பெண்ணைப் பார்க்கட்டும் என்றேன். ரொறன்ரோவில் விமானம் ஏறினால் மறுநாளோ அதற்கு மறுநாளோ கட்டுநாயக்காவில் இறங்கலாம். இவர் ஏறி இரண்டு மாதமாகிறது, இன்னும் வந்து சேரவில்லை.

முப்பது வருடம் கிராம சேவையாளராக இருந்தவன் நான். ஒரு வீட்டில் எத்தனை பேர் உண்மையில் இருக்கிறார்கள் என்பதைக் கொடியில் காயும் உடுப்பைப் பார்த்தே சொல்லுவேன். அப்படியான என்னிடம் தேனுகா அவன் அனுப்பிய படங்களைக் காட்டுகிறாள். முதலில் பாங்கொக். தெருவோரம் நின்றுகொண்டு, ஈர்க்கில் குத்திப் பொரித்த ஏதோ பூச்சியைத் தின்கிறான். கனடாவில் இரண்டு வீடு வைத்திருப்பவரின் பிள்ளைக்குக் கதிரை மேசை கொடுக்க அந்த ஊரில் ஒரு கடை இல்லையா? அடுத்தது ஹனோய். அங்கே கதிரை கொடுத்திருக்கிறார்கள், ஆனால் எங்கள் முன்பள்ளிப் பிள்ளைகள் இருக்கிற அளவுக் கதிரை. முழங்கால் காதைத் தொடக் குந்தியிருந்து கோப்பையில் நூடில்ஸ் உறிஞ்சுகிறான். இவையாவது பரவாயில்லை. படுக்கிற இடத்தையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். ஒரே அறை, இரண்டு தட்டுக் கட்டில்கள், எட்டுப் பேர், ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாதாம். தேனுகா அதை ஹொஸ்டல் என்கிறாள். ஒரு அறைக்குள் முன்பின் தெரியாத எட்டுப் பேரை வைத்திருப்பதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர், தங்கச்சி. அது ஆட்களைக் களவாய் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பிடித்த வீடு.

என் கண்ணை மட்டும் நம்பாமல், சந்தியில் ரயர் ஒட்டும் ஐயாத்துரையிடமும் படங்களைக் கொண்டுபோனேன். ஏஜென்சி மூலம் மூன்று தரம் வெளிக்கிட்டு மூன்று தரமும் பிடிபட்டுத் திரும்பி வந்தவர், அந்தத் துறையில் அவரை மிஞ்ச ஆளில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாங்கொக், ஹனோய், இப்போது காத்மண்டு என்றேன். "அண்ணை, இது பழைய ரூட்டெல்லோ," என்றார். 

காத்மண்டுக்குப் பிறகுதான் எல்லாம் வெட்ட வெளிச்சமானது. தொப்பி போட்ட ஒருவன் நான்கு படங்களில் பக்கத்திலேயே நிற்கிறான். வழிகாட்டியாம். அவன் நடக்கச் சொன்னால் நடப்பார்களாம், படுக்கச் சொன்னால் படுப்பார்களாம். மலையேற அனுமதி எடுக்கப் பாஸ்போர்ட்டையும் அவன் கையில் கொடுத்தாயிற்றாம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருப்பவன் வழிகாட்டியா? முதுகில் என் உயரத்துக்கு ஒரு பொதியோடு, தாடியும் மீசையுமாய், பனிக்குள் நாளுக்கு ஏழு மணித்தியாலம் நடக்கிறான். ஏன் தம்பி நடக்கிறீர் என்று தேனுகா மூலம் கேட்டேன். சந்தோஷத்துக்காம். தங்கச்சி, இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. இரண்டாயிரத்தொன்பதில் சண்டைக்குள்ளால் நாங்களும் பொதி சுமந்து நடந்தோம். கமலாசனி தேனுகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தா. சந்தோஷத்துக்கு யாரும் நடப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

முதலில் கனடா அவனைத் திருப்பி அனுப்பிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், எல்லாப் படத்திலும் சிரிக்கிறான். ஏஜென்சியிடம் அகப்பட்டவன் சிரிக்கமாட்டான். சிரிக்கக்கூடியவன் ஏஜென்சிக்காரன் மட்டும்தான். ஆக, கம்பியூட்டர் வேலை என்று நீ சொன்ன வேலை என்னவென்று எனக்கு விளங்கிவிட்டது. ஆட்களை ஏற்றி இறக்குகிற ஒருவனுக்கு என் ஒரே பிள்ளையைத் தரமுடியாது. அவன் வேலை செய்யும் கந்தோரின் கடிதமும், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களினதும் பிரதியும் சமாதான நீதவானின் கையொப்பத்தோடு வரும்வரை இந்தச் சம்பந்தத்தை நிறுத்தி வைக்கிறேன். தேனுகாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் அந்த மலைப் படங்களைப் பார்க்கிற விதமும் எனக்குப் பிடிக்கவில்லை.

மச்சானுக்கு என் அன்பு. உடம்பைப் பார்த்துக்கொள். உன் வீட்டில் ஒரு குறையும் வராதிருக்க அம்மாள் துணை.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
செ. செல்வநாயகம்
(ஓய்வுபெற்ற கிராம சேவையாளர்)

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரம் மலையிலிருந்து அவன் தேனுகாவுக்கு வீடியோ கோல் எடுத்தான். போனை நான் வாங்கினேன். நேருக்கு நேராகவே கேட்டேன், "தம்பி, உண்மையைச் சொல்லும். உம்மை இந்த ரூட்டால அனுப்பினது ஆர்?"

"அம்மாதான் மாமா," என்றான்.

நீ ஒரு கடதாசியில் ஊர்ப்பெயர்களை எழுதிக் கொடுத்தாயாம். கனடாவுக்குப் போகிற வழியில் எட்டு மாதம் அந்த ஊர்களில் இருந்தும் ஒரு தெருவைக்கூட நீ பார்க்கவில்லையாம். பாங்கொக்கில் மூன்று மாதம் ஏஜென்சிக்காரன் திரைச்சீலை திறக்க விடவில்லையாம். கீழே தெருவில் பொரிக்கிற வாசம் மட்டும் வருமாம். காத்மண்டுவில் குளியலறை வாளியைக் கவிழ்த்து ஏறி நின்றால், மேலேயிருந்த துவாரத்தால் ஒரு பனிமலைத் துண்டு தெரியுமாம். இப்போது அம்மாவுக்காக எல்லாத்தையும் பார்த்து, எல்லாத்தையும் சாப்பிட்டு, அந்த மலைக்கும் கிட்டப் போய்ப் படமெடுத்து அனுப்புகிறேன் என்றான். போனைத் திருப்பி எனக்கும் மலையைக் காட்டினான். பிறகு, ஒன்றும் தெரியாத பிள்ளையாய்த்தான் கேட்டான், "அம்மாவை இந்த ரூட்டால ஆர் மாமா அனுப்பினது?"

நான் போனைத் தேனுகாவிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

கொழும்பில் உன்னை அந்த ஏஜென்சி மனிசனிடம் கையைப் பிடித்துக் கொடுத்தவன் நான்தானே. சுகமாய் வந்து சேர்ந்தேன் என்று நீ எழுதியதை எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாய் வாசித்துக் காட்டியவனும் நான்தான். யாரிலும் சந்தேகப்படுகிற நான், அந்த ஒரு வரியை மட்டும் அப்படியே நம்பினேன். ஏன் பிள்ளை எனக்குச் சொல்லவில்லை?

கலியாணத்துக்கு நாள் பார். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு உன்னோடு போனில் கதைக்கச் சொல்லிக் கமலாசனி நிற்கிறா. போன் எடுத்தால் எனக்குக் குரல் வராது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து இப்படியே தபாலில் போடுகிறேன்.