கார் என்ஜின் வைத்த படகும் ராஜாவின் மச்சானும்

ஒரு காட்டில், மூன்று தடவை பாலத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்ட ஓர் ஆறு ஓடியது. பாலம் வரவில்லை. அந்தக் கற்களின் மேல் ஆமைகள் வெயில் காய்ந்தன. அதனால் அக்கரைக்குப் போக வேண்டிய பிராணிகளெல்லாம் இசக்கியம்மாள் என்கிற நீர்நாயின் படகில்தான் ஏறியாக வேண்டும்.

அந்தப் படகில் இருந்தது ஒரு கார் என்ஜின். மலை ரோட்டிலிருந்து உருண்டு விழுந்த காரிலிருந்து அதைக் கழற்றி வைத்திருந்தது குரங்கு மெக்கானிக் செல்லத்துரை. இசக்கியம்மாள் தான் மீன் பிடிக்கிற மடுவைச் செல்லத்துரைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு என்ஜினை வாங்கினாள். மடு இல்லாத நீர்நாய் மீன் பிடிக்கக் கூடாது என்பது அந்தக் காட்டுச் சட்டம். ஆக, படகு ஓடி, ஏறினவர்கள் கூலியாக மீன் கொடுத்தால்தான் அவளுடைய இரண்டு குட்டிகளுக்கும் சாப்பாடு. என்ஜின் போனால் அடுப்பும் போச்சு.

காரில் இருந்த மீட்டரையும் செல்லத்துரை கூடவே மாட்டிக் கொடுத்தது. என்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுகிற மீட்டர். ஆறாயிரத்துக்கு மேல் சிவப்புக் கோடு.

"சிவப்புக்கு இந்தப் பக்கம் எங்க வேணாலும் ஓட்டலாம் யக்கா, பயப்படாம அடிச்சு விடுங்க" என்றது செல்லத்துரை. விற்கிறவன் வேறு என்ன சொல்லுவான்?

இசக்கியம்மாள் அடிச்சு விடவில்லை. முள் மூவாயிரத்தில் நிற்கும், படகு அதுபாட்டுக்குப் போகும். மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் கூட நடு ஆற்றில் நிற்கவில்லை. ஒழுங்காக ஓடுகிற ஒன்றை நம் ஆட்களால் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ள முடியும்? முதலில் முனகியது பலவேசம். பலவேசம் காட்டுப்பன்றி, சிங்கராஜாவின் மச்சான். சிங்கத்துக்குப் பன்றி எப்படி மச்சான் ஆச்சு என்று கேட்காதீர்கள். அந்தக் காட்டில் கேட்டவர்கள் இப்போது இல்லை.

"ஆறாயிரம் போற என்ஜினை மூவாயிரத்துல ஓட்டுறீங்களே, அந்த என்ஜினுக்கே அவமானமா இருக்காது?" என்றது பலவேசம்.

இசக்கியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். யாராவது என்ஜினைப் பற்றிக் கேட்டுவிட்டால் கரை வரும்வரை விடமாட்டாள்.

"தம்பி, கார்ல இருந்தப்ப இது எப்பவாச்சும் ஒருதரம்தான் ஆறாயிரத்தப் பாத்திருக்கும். லாரிய முந்தும்போது மிதிச்சிருப்பான், முந்தினதும் கால எடுத்திருப்பான். ரோட்டுல இறக்கம் வரும், சிக்னல் வரும், டீக்கடை வரும். என்ஜினும் மூச்சு வாங்கிக்கிடும். தண்ணியில எங்கய்யா இறக்கம்? கயிறை அவுத்ததுலேருந்து திரும்பக் கட்டுற வரைக்கும் இது மலை ஏறிக்கிட்டே இருக்கு. பாதி வேகந்தான் இதுக்குத் தாங்கும். அவசரம்னா கொஞ்சம் கூட்டலாம், அதுவும் சித்த நேரம்."

படகிலிருந்த முயல்கள் தலையாட்டின. முயல்கள் எதற்கும் தலையாட்டும்.

அந்த வாரம் அக்கரைப் புலி வீட்டில் விருந்து. ராஜா கிளம்பவே தாமதம், குளித்துப் பிடரியை உலர்த்த அவ்வளவு நேரம். படகில் ஏறி உட்கார்ந்ததும், "அத்தான், இன்னிக்கு நான் ஓட்டுறேன். புலி கரையில நின்னு பாக்கும், நம்ம கெத்து தெரிய வேண்டாமா?" என்றது பலவேசம்.

இசக்கியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "ராசா, இது என் பிள்ளைங்க சோறு. யார் ஓட்டினாலும் சரி, பாதிக்கு மேல முடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"மெதுவாகப் போகிற ராஜாவை எவன் மதிப்பான்? நீ ஓரமாக உட்கார்" என்றார் ராஜா.

கார் என்ஜின் என்பதால் காருக்கு உண்டான சடங்கைச் செய்தாக வேண்டும் என்றது பலவேசம். சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டிய எலுமிச்சம்பழத்தைப் படகுக்கு அடியில் வைத்தார்கள். அது மிதந்து அதுபாட்டுக்குப் போய்விட்டது. நல்ல சகுனம் என்றன முயல்கள்.

பலவேசம் முள்ளை ஐந்தாயிரத்து ஐநூறுக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்தது. முன்பக்கம் தூக்கிக்கொண்டு படகு பறந்தது. ராஜாவின் பிடரி காற்றில் ஆடியது, அவருக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் கருகுகிற வாடை வந்தது. "தம்பி, குறை, குறை" என்று இசக்கியம்மாள் கெஞ்சினாள். ராஜா அவளைப் பார்த்து உறுமினார். அதற்குப் பிறகு என்ஜினே உறுமியது. ஒரு இரும்புத் தண்டு அதன் விலாவைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. சூடான எண்ணெய் ராஜாவின் மேல் தெறித்தது. படகு ஆற்றின் வேகத்தில் பாறைகளைப் பார்த்து இழுபட ஆரம்பித்தது.

இசக்கியம்மாள் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு ஆற்றில் குதித்தாள். வாய் கிழிந்து ரத்தம் வர வர இழுத்து, படகைக் கரையில் சேர்த்தாள். அதுவரை பலவேசம் ஸ்டியரிங்கை விடவேயில்லை. பிறகு எல்லோரும் அதைத்தான் வீரம் என்றார்கள்.

மறுநாள் விசாரணை. நிபுணர் என்று செல்லத்துரையைக் கூப்பிட்டார்கள்.

"மூணு மாசமா பாதி வேகத்துலயே ஓட்டினா உள்ள கரி அடைச்சுப் போகும் ராசா. பலவேசம் அண்ணன் அடிச்சு ஓட்டினதாலதான் நேத்து அவ்வளவு தூரமாச்சும் வந்துச்சு" என்றது செல்லத்துரை.

"உடையிற வரைக்கும் நல்லாத்தான் போச்சுங்க" என்றன முயல்கள்.

இசக்கியம்மாள் முன்னால் வந்தாள். "மூணு மாசம் எங்கிட்ட ஓடினது, ராசா. அரை மணி நேரத்துல இவர்கிட்ட உடைஞ்சது."

"அதையேதான் நானும் சொல்கிறேன். மூன்று மாதம் உன்னிடம் இருந்திருக்கிறது. அவனிடம் அரை மணி நேரம்தான். கெடுக்க யாருக்கு நேரம் இருந்தது?" என்றார் ராஜா.

சபை கை தட்டியது. தீர்ப்பு வந்தது. படகு பலவேசத்துக்கு. செல்லத்துரைக்கு என்ஜின் ஆலோசகர் பதவி. புது என்ஜின் கிடைக்கும்வரை, கயிறு இழுக்கத் தெரிந்த இசக்கியம்மாளே படகை இழுக்க வேண்டும். கூலி மீன் பாதி அவளுக்கு.

புது என்ஜினை இன்னும் யாரும் தேடவில்லை. பெட்ரோல் செலவு இல்லை, சத்தம் இல்லை, புகை இல்லை என்று பயணிகள் பலவேசத்தின் ஓட்டுத் திறமையைப் புகழ்கிறார்கள். இசக்கியம்மாளின் குட்டிகள் வளர்ந்ததும் இன்னும் இரண்டு கயிறு கட்டினால் வேகம் கூடும் என்று செல்லத்துரை ஆலோசனை சொல்லியிருக்கிறது. ராஜா ஒப்புக்கொண்டுவிட்டார்.

நீதி: என்ஜினைக் காப்பாற்றத் தெரிந்தவள் கையில் படகைக் கொடுக்காதே, கயிற்றைக் கொடு. உடைந்தால் பழி சொல்லவும் அவளே பக்கத்தில் இருப்பாள்.