பொதி எடை நீங்கலாக

மனித குலத்தின் பாரத்தைக் குறைக்க எத்தனையோ மகான்கள் முயன்றிருக்கிறார்கள். சிலர் தத்துவம் சொன்னார்கள், சிலர் புரட்சி செய்தார்கள். ஆனால் குறைத்த பாரத்தை எடை மேடையில் ஏற்றி நிரூபித்துக் காட்டியவர், ஒரு பார்சல் கம்பெனியின் கிளை மேலாளர் மட்டுமே. வரலாறு அவரை இன்னும் கவனிக்கவில்லை. அது வரலாற்றின் வழக்கமான மெத்தனம்.

அந்தக் கிளையின் பெரிய லாரியை ஓட்டியவருக்குச் சுமை தூக்குகிறவர்கள் வைத்திருந்த பெயர் 'டபுள் லோடு'. அவர் ஏறி உட்கார்ந்தால் லாரி ஒரு பக்கம் லேசாகத் தலைசாய்த்து மரியாதை செய்யும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதை ஓட்டி வருகிறார். மனைவிக்குத் தெரியாத அவருடைய கோபதாபங்கள்கூட லாரியின் கியருக்குத் தெரியும். போன பரிசோதனையில் கம்பெனி டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: அடுத்த முறை வருவதற்குள் எடை குறைய வேண்டும், சர்க்கரை இறங்க வேண்டும். இல்லையென்றால் சாவியை ஒப்படைத்துவிட்டு கேட்டில் உட்கார வேண்டியதுதான். கேட் என்றால் ஒரு ஸ்டூல், ஒரு விசில், தன் லாரியை அடுத்தவன் ஓட்டிப் போவதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு.

ஓட்டுநர் கவலையில் ஆழ்ந்தார். கவலைப்பட்டால் அவருக்குப் பசிக்கும். அதுதான் சிக்கல்.

இந்த இக்கட்டான கட்டத்தில்தான் தலைமை அலுவலகம் 'இலகு வாழ்வுத் திட்டம்' என்ற ஒன்றை அறிவித்தது. ஒவ்வொரு கிளையும் தன் ஊழியர்களை மொத்தமாக எடை போட்டு அனுப்ப வேண்டும். எந்தக் கிளையின் மொத்த எடை அதிகம் குறைகிறதோ, அந்த மேலாளருக்குத் தலைமை அலுவலகத்தில் உயர்பதவி. ஊழியர் நலனில் மேலாளருக்கு அன்று மாலையே தீவிர அக்கறை பிறந்தது.

கூட்டம் கூட்டினார். அதற்கு முன் எல்லோரையும் சரக்கு எடை மேடையில் வரிசையாக ஏற்றி, மூட்டைகளைப் போலவே எடை போட்டாயிற்று. பிறகு உரை. கேன்டீனிலிருந்து உருளைக்கிழங்கு வறுவலும் பிஸ்கட்டும் குளிர்பானமும் உடனடியாக 'நாடு கடத்தப்படுவதாக' அறிவித்தார். அவற்றின் இடத்தில் நல்லொழுக்கம் மிக்க உணவுகள் அமர்த்தப்பட்டன: சாலட், பழச்சாறு, முந்திரி, பாதாம், உலர்ந்த திராட்சை, டீக்குச் சர்க்கரைக்குப் பதில் தேன், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய கோதுமை ரொட்டி. கைதட்டல் எழுந்தது. பில் போடும் அக்கா மட்டும் கையைத் தூக்கினாள்.

"சாலட் மேல வெள்ளையா ஒண்ணு ஊத்தியிருக்கே சார், அதுல கலோரி இல்லையா?"

மேலாளர் இரக்கத்தோடு புன்னகைத்தார். சரக்கைப் பொதிந்திருக்கும் பெட்டிக்கும் சாக்குக்கும் கட்டணம் வாங்காத கம்பெனி அது. பொதி எடையைக் கழித்துவிட்டு, உள்ளே இருக்கும் சரக்குக்கு மட்டும் பில் போடுவதுதான் அவர்களுடைய பெருமை. கிளையில் இருந்த அத்தனை பேரும் அந்தப் பாடத்தில் ஊறியவர்கள்.

"கண்ணாடிச் சாமான் வருது. வைக்கோல் சுத்தி, அட்டைப்பெட்டியில வருது. நீங்க எதுக்குப் பில் போடுவீங்க?"

"கண்ணாடிக்கு."

"வைக்கோலுக்கு?"

"அது பேக்கிங் சார்."

"அவ்வளவுதான். சாலட்ல இலைதான் சரக்கு. சாஸ், சீஸ், மேல தூவுற முந்திரி, வறுத்த ரொட்டித் துண்டு, இதெல்லாம் பேக்கிங்."

மருத்துவ விஞ்ஞானம் பல நூற்றாண்டுகளாகத் தடவிக்கொண்டிருந்த உண்மை, ஒரு கிடங்கில், தராசுக்குப் பக்கத்தில் நின்றபடி இவ்வளவு எளிதாகப் பிறந்தது. அக்கா கையை இறக்கிவிட்டாள். ஓட்டுநருக்குக் கண்ணில் நீர் தளும்பியது. தன் லாரியைத் தன்னிடமிருந்து யாரும் பிரிக்க முடியாது என்று அன்றுதான் அவருக்கு நிச்சயமாயிற்று.

அவரைப் போல விசுவாசமாகத் திட்டத்தைக் கடைப்பிடித்தவர் எவரும் இல்லை. காலையில் பழச்சாறு ஒரு பெரிய தம்ளர். மெல்ல வேண்டியதில்லை என்பதால் அது சாப்பாட்டில் சேராது. தாகம் தீராவிட்டால் இன்னொன்று. மதியம் சாலட். இலை கொஞ்சம், பேக்கிங் தாராளம். சரக்கு சேதமில்லாமல் போய்ச் சேர வேண்டும் அல்லவா? இடையில் பாதாமும் முந்திரியும் ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடிதான் என்று திட்டமே கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. யாருடைய கை என்று சொல்லவில்லை. ஸ்டெப்னி டயரை ஒற்றை ஆளாக இறக்கி வைக்கிற கை அவருடையது. உலர்ந்த திராட்சையை அவர் பழமாகவே மதிக்கவில்லை. பாதி வற்றிப்போனதில் என்ன இருக்கப்போகிறது என்று வண்டி ஓட்டும்போது பொட்டலத்தோடு மடியில் வைத்துக்கொண்டார். தேன் இயற்கையானது. இயற்கையை அளந்து ஊற்றுவது அவமரியாதை என்பதால் அளக்காமல் ஊற்றினார்.

வீட்டில் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் திட்டத்தின் தத்துவ அடிப்படை பிடிபடவில்லை. சட்டைப் பொத்தானை இரண்டாவது முறையாகத் தைத்துக் கொடுத்தபோது, இது துணி சுருங்கியதா அல்லது ஆள் விரிந்ததா என்று கேட்டாள். தான் இப்போது இலைதான் சாப்பிடுவதாக ஓட்டுநர் கம்பீரமாகப் பதில் சொன்னார்.

"ஆடும் இலைதாங்க தின்னுது. அது இளைச்சுப் போய் எங்கயாவது பார்த்திருக்கீங்களா?"

"உனக்கு இதெல்லாம் புரியாதுடி. இது தலைமை அலுவலகத் திட்டம்."

"வயிறு உங்களுதுதானே? இல்ல அதுவும் தலைமை அலுவலகத்துதா?"

ஓட்டுநரின் வாயில் பாதாம் இருந்தது.

திட்டத்தின் பாதியில் ஒருமுறை எடை மேடையில் ஏறினார். முள் முன்பிருந்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. ஓட்டுநர் நேராக மேலாளர் அறைக்குப் போய், கண்ணாடிக் கதவில் பக்கவாட்டாகத் திரும்பி நுழைந்து, சார் கூடியிருக்கு சார் என்றார். பரிசோதனைக்கு நாள் நெருங்குவதையும், கேட்டில் இருக்கும் ஸ்டூலையும் பற்றிச் சொன்னார். மேலாளர் கலங்கவில்லை. கலங்காமல் இருப்பதற்குத்தான் அவருக்கு ஏ.சி. அறை கொடுத்திருந்தார்கள்.

"லாரி கிளம்புறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவோம்?"

"லோடு ஏத்துவோம் சார்."

"ஏத்தாம கிளம்ப முடியுமா?"

"முடியாது சார்."

"உங்க உடம்புல இருக்கிற கொழுப்பு இப்ப கிளம்பப் போகுது. அதான் ஒரே இடத்துல வந்து சேருது. பயப்படாம சாப்பிடுங்க."

எவ்வளவு பெரிய ஆறுதல். ஓட்டுநர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, கிளம்பப்போகும் கொழுப்புக்கு வழியனுப்பு விழாவாக வேர்க்கடலை வெண்ணெயை ரொட்டியின் இரு பக்கமும் தடவிக்கொண்டார்.

பரிசோதனை நாள் வந்தது. கம்பெனி டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவையும் ஓட்டுநரையும் மாறி மாறிப் பார்த்தார். மறுபடி வறுவலா என்று கேட்டார். ஓட்டுநர் காதைப் பிடித்துக்கொள்ளாத குறையாக மறுத்து, தன் அன்றாட உணவை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். ஒப்பிக்க ஒப்பிக்க டாக்டரின் பேனா மெல்ல மேஜையில் படுத்துக்கொண்டது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். பழச்சாறு என்பது பழத்தின் நாரைத் தூக்கி எறிந்துவிட்டுச் சர்க்கரையை மட்டும் குடிப்பது. விட்டுவிட்ட குளிர்பானத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பாதாமும் முந்திரியும் நல்லவைதான். ஆனால் கிட்டத்தட்டப் பாதி கொழுப்பு. திராட்சை வற்றும்போது தண்ணீர்தான் போகிறது, சர்க்கரை அங்கேயேதான் இருக்கிறது. தேனும் அதே ஜாதி. அந்தச் சாலட்டோ, அதில் ஊற்றும் சாஸோடும் சீஸோடும் சேர்த்தால், பழைய வறுவல் தட்டைவிட அதிகம்.

ஓட்டுநர் நிம்மதியாகச் சிரித்தார். டாக்டருக்கு அடிப்படையே தெரியவில்லை.

"அது பேக்கிங் டாக்டர். கணக்குல வராது."

டாக்டர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார்.

"உங்க வயித்துக்கு யாருங்க அதைச் சொன்னது? அது பிரிச்செல்லாம் பார்க்காது. வந்ததை அப்படியே இறக்கி வச்சுக்கும்."

ஓட்டுநரின் சிரிப்பு முகத்தில் எங்கே போவது என்று தெரியாமல் சற்று நேரம் நின்றது. அடுத்த பரிசோதனைக்குள் நிச்சயம் இறக்கிவிடுவதாகச் சொன்னார். இந்த லாரியை விட்டால் தனக்கு வேறு எதுவும் தெரியாது என்றார். சர்க்கரை இருக்கும் அளவுக்கு, நெடுஞ்சாலையில் கண் இருட்டினால் அவர் மட்டும் போகமாட்டார் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து, கைக்குட்டையால் ஒருமுறை துடைத்து, மேஜை மேல் வைத்தார்.

மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் முனகியது. வேறொருவர் லாரியை வெளியே எடுத்தபோது இரண்டாவது கியர் கரகரவென்று அலறியது. கிளட்சை முழுசா மிதிக்கணும் தம்பி என்று சொல்ல வாயெடுத்து, விசிலை ஊதினார்.

அந்த வாரக் கடைசியில் கிளையின் இறுதி எடை எடுக்கப்பட்டது. பில் போடும் அக்கா உட்பட ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருந்தார்கள். ஆனால் கூட்டிப் பார்த்தால் மொத்தம் அபாரமாகக் குறைந்திருந்தது. எந்தக் கிளையும் கிட்டவே வர முடியவில்லை. காரணம் மிக எளிது. கேட்டில் இருப்பவர்கள் காவல் பிரிவைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கிளைக் கணக்கில் வரமாட்டார்கள்.

மேலாளருக்குத் தலைமை அலுவலகத்தில் உயர்பதவி கிடைத்தது. கடைசி நாளன்று கழுத்தில் மாலையோடு காரில் கிளம்பியவர், கேட்டில் கண்ணாடியை இறக்கி, ஓட்டுநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

"உங்களாலதான் இது முடிஞ்சது. உங்களை மறக்கவே மாட்டேன்."

சொன்னபடியே அவர் மறக்கவில்லை. அவருடைய கிளையின் முறை இப்போது எல்லாக் கிளைகளுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. முதல் வேலையாக, கிளைக்கு ஒருவர் வீதம், சொன்னதை நம்பி நன்றாகச் சாப்பிடக்கூடிய ஆளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார்.