தரையில் முடுக்கிய படகு

“ஏனுங்க, காலங்காத்தால அந்த எஞ்சினை முடுக்காதீங்கன்னு நானும் மூணு வாரமாச் சொல்றேன். நம்மூட்டு வாசல்ல என்ன காவிரியா ஓடுது?”

வசந்தாமணி கேட்டது புருஷன் நாச்சிமுத்துவின் காதில் ஏறவில்லை. ஏறவும் வழியில்லை. வாசலில் டிரெய்லர் மேல் நின்ற படகின் பின்புறத்தில் இருநூறு குதிரைகளும் சேர்ந்து கனைத்துக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு நல்லம்மாள் கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். சரியாக மூன்று நிமிஷம். அப்புறம் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, பூஜை முடிந்த பூசாரி மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

திருச்செங்கோட்டில் முப்பது வருஷமாக, போர்வெல் போடுகிற ரிக் வண்டி எஞ்சின் பார்க்கிறவர். வண்டி அன்றைக்கு ஓடினாலும் ஓடாவிட்டாலும், விடிந்ததும் ஒரு தரம் முடுக்கி, ரேஸ் கொடுத்து, சூடாக்கி நிறுத்துவது அவருக்குப் பல் துலக்குகிற மாதிரி. லாரிக்குச் செய்வார், ரிக்குக்குச் செய்வார். விருந்துக்குப் போன வீட்டு டிராக்டரைக் கூட விடமாட்டார்.

அதற்காக அவரை லேசாக நினைத்துவிடக் கூடாது. திருப்புளியின் நுனியை எஞ்சின் மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்தாரென்றால் எந்த வால்வு முனகுகிறது, எந்த பேரிங் அழுகிறது என்று சொல்லிவிடுவார். ராசிபுரத்து ரிக் ஓனர் ஒருவர் எஞ்சின் சத்தத்தை போனிலேயே கேட்க வைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டதுண்டு. பெண்டாட்டி சொல்வதைத் தவிர மற்ற எல்லாச் சத்தமும் கேட்கும் காது அது.

அப்பேர்ப்பட்டவரை இந்தப் படகு மூன்று ஞாயிற்றுக்கிழமை தலைகுனிய வைத்துவிட்டது.

படகு வசந்தாமணியின் தம்பி ஜீவானந்தத்தினுடையது. பூலாம்பட்டியில் காவிரிக் கரையோரமாகத் தோட்டம் வாங்கினான். தென்னங்கன்று வைத்திருக்கலாம். கொச்சிக்குப் போய் ரேஸ் படகு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். எஞ்சின் என்றால் மாமா என்று வந்த அன்றைக்கே இவர் வாசலில் நிறுத்திவிட்டான். ஞாயிறானால் இழுத்துக்கொண்டு போய் ஆற்றில் இறக்குவார்கள். பத்து நிமிஷம் அம்பு மாதிரி போகும். அப்புறம் சூடேறி, பீப் பீப்பென்று கத்தி, நடு ஆற்றில் நின்றுவிடும். பரிசல்காரர் வந்து கயிறு கட்டி இழுப்பார். பரிசலுக்குப் பின்னால் ரேஸ் படகு வாலாட்டிக்கொண்டு வருவதை, கரையில் மீன் வறுவல் தின்ன வந்த கூட்டம் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கும்.

ஒவ்வொரு தடவையும் எது கெட்டது என்று நொடியில் சொல்லிவிட்டார் நாச்சிமுத்து. ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர வைக்க ஒரு பம்பு உண்டு. அதற்குள் கையகல ரப்பர் சக்கரம். அதன் இறக்கைகள் பிய்ந்து கிடந்தன. எதனால் பிய்ந்தது என்பதில்தான் தகராறு. முதல் வாரம் ரப்பர் பழசு என்றார். புதுசு போட்டார். இரண்டாம் வாரம் சாமான் போலி என்றார். கொச்சியிலிருந்தே வரவழைத்துப் போட்டார். மூன்றாம் வாரம் ஆகாயத்தாமரை மேல் பழி விழுந்தது. பாவம், அந்தச் செடியால் வாய் திறந்து மறுக்க முடியவில்லை.

ஜீவானந்தம் அன்றைக்குக் கரையிலேயே சொல்லிவிட்டான். “மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க. வர்ற ஞாயித்துக்கெழமையும் நின்னுச்சுன்னா கொச்சி மெக்கானிக்க வரச் சொல்லீருவேன். யாரு காரணத்தக் கண்டுபுடிக்கறாங்களோ, ஸ்டீரிங் அவுங்க கையில.”

நாச்சிமுத்து அன்றிரவு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாசலில் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். ரிக் உலகம் முழுக்கப் பேர் எடுத்த மனுஷன், தன் வாசலில் நின்ற எஞ்சினுக்கு வெளியூர்க்காரன் வந்து வைத்தியம் பார்த்தால் லாரிப் பேட்டைப் பக்கம் தலைகாட்ட முடியுமா? போதாததற்கு அந்த ஸ்டீரிங். மூன்று வாரமும் அவர் படகில் போனது பின்னால் குப்புறப் படுத்து, எஞ்சினில் காது வைத்துக்கொண்டுதான்.

திங்கட்கிழமை நாலாவது சக்கரத்தை மாட்டினார். பிய்ந்த மூன்றையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்து, பிணப் பரிசோதனை செய்கிற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். வசந்தாமணி வந்தாள். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். இன்னொன்றையும் மோந்தாள்.

“இதென்னுங்க, படகோட வந்த புக்கு எங்கே?”

“இங்கிலீசுல இருக்குது புள்ள. பீரோ ஆடுச்சுன்னு காலுக்கடியில வெச்சிருக்கறன்.”

சேலத்து கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள் ஒற்றைக் கையால் பீரோவைத் தூக்கிப் புத்தகத்தை உருவினாள். மத்தியானம் முழுக்க, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே படித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சாவியைக் காணோம்.

ஆணியில் இல்லை, சட்டைப்பையில் இல்லை, டூல்ஸ் பெட்டியில் இல்லை. மச்சானிடம் சொன்னால் மானம் போகும். வசந்தாமணியும் அவரோடு சேர்ந்து கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடினாள். பாவம், எவ்வளவு அக்கறை என்று அவருக்கு மனசு இளகியது. வாரம் முழுக்க வாசல் அமைதியாக இருந்தது. நல்லம்மாள் தேர்க்கோலமே போட்டுவிட்டாள்.

முடுக்க முடியாத மனுஷன் யோசிக்க ஆரம்பித்தார். வியாழக்கிழமை பிடிபட்டுவிட்டது. மணல். காவிரி மணல்தான் ரப்பரை அரைக்கிறது. உடனே சமையலறைக்குப் போய் புது டீ வடிகட்டியின் வலையை வெட்டியெடுத்து, எஞ்சின் தண்ணீர் உறிஞ்சும் வாயில் கட்டினார். வடிகட்டிக்காக ஒரு யுத்தத்தை எதிர்பார்த்தார். வசந்தாமணி நல்ல யோசனைங்க என்று சொல்லிவிட்டு, டீயைத் துணியில் வடிகட்டினாள். அப்போதாவது அவருக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், துவைக்கப் போட்ட லுங்கி மடிப்பில் இருந்ததாகச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். முடுக்க நேரமில்லை. இந்தத் தடவை வசந்தாமணியும் ஏறிக்கொள்ள, வண்டி கிளம்பிவிட்டது.

ஆற்றில் ஜீவானந்தம் முழு வேகத்தில் விட்டான். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. சூட்டு முள் அசையவில்லை. எஞ்சின் ஒரே சுருதியில் பாடியது. பரிசல்காரர் ஏமாந்து பீடி பற்றவைத்துக்கொண்டார்.

“மணலுங்க மாப்ளே” என்று மீசையைத் தடவிக்கொண்டு இறங்கினார் நாச்சிமுத்து.

“அந்த வலையக் கழட்டிப்போட்டு இன்னொரு நடை உடுடா” என்றாள் வசந்தாமணி.

கழற்றினார்கள். இன்னொரு இருபத்தைந்து நிமிஷம். ஒரு பீப் இல்லை. மீசையிலிருந்து கை இறங்கிவிட்டது.

அவள் பைக்குள்ளிருந்து பிய்ந்த மூன்று சக்கரங்களையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். “மோந்து பாருங்க.”

மோந்தார்.

“மணலு அரைச்சா தேஞ்சிருக்கும். இது கருகிருக்குது. குக்கர்ல தண்ணி ஊத்த மறந்துட்டா கேஸ்கட்டு இப்படித்தான் நாறும். தண்ணியில சுத்தற சக்கரத்தக் காலையில மூணு நிமிசம் காஞ்ச தரையில சுத்த உட்டா என்னுங்க ஆகும்? பாதி வெந்துபோன ரப்பரு, ஆத்துல வேகமெடுத்தா பிய்யாம? புக்குல பதினோராம் பக்கத்துலயே கொட்ட எழுத்துல போட்டிருக்கறான்.”

அவர் மூன்றையும் திரும்பத் திரும்ப மோந்தார். இதில் ஒன்று சொல்லவேண்டும். பெண்டாட்டியிடம் எதையும் ஒத்துக்கொள்ளாத மனுஷன், எஞ்சின் விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாதவர்.

“செரிதான்” என்றார். “அப்ப சாவி?”

“மொளகாப் பொடி டப்பாவுல. நீங்க ஒரு வாரம் முடுக்காம இருந்தாத்தானே நெசந்தெரியும்?”

“வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே புள்ள.”

“மூணு வாரமாச் சொன்னனுங்களே.”

“நீ சத்தத்துக்காகச் சொல்றேன்னு நெனச்சேன்.”

“மொதல்ல அதுக்குத்தான் சொன்னேன். அப்பவே கேட்டிருந்தாலும் எஞ்சின் பொழச்சிருக்கும்.”

ஜீவானந்தம் இரண்டு கையையும் எடுத்து அக்காவைக் கும்பிட்டான். கொச்சிக்காரனுக்கு அங்கேயே போன் போட்டு வரவேண்டாம் என்று சொன்னான். நாச்சிமுத்துவின் மானம் தப்பியது. தப்பித்த மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. ஏனென்றால் வசந்தாமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டீரிங்கில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் தம்பி. கூடவே வந்திருந்த நல்லம்மாள் பின்னால் ஏறிக்கொண்டாள்.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல எஞ்சின் பக்கம் படுக்கப் போனார்.

“நீங்க எதுக்குங்க? எஞ்சின் நல்லாத்தானே இருக்குது. காது வெக்க ஆளு வேண்டாம்.”

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு படகு கிளம்பியது. அவள் வளைத்த வளைவில் அலை எழும்பிப் பரிசல்காரரின் பீடி அணைந்தது. இத்தனை வருஷத்தில் எந்த ஸ்டீரிங்கையும் தொட்டிராத கை, பிறந்ததிலிருந்து படகு ஓட்டுகிற கை மாதிரி இருந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறு கூட இல்லை. அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, கையை வாயருகே குவித்துக் கத்தினார்.

“வசந்தா, அடுத்த நடைக்காச்சும் என்னைய ஏத்திக்க சாமி.”