நான் இரண்டாம் வகுப்பு முடித்த விதம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவைத் தொடுகிறேன். இங்கே உங்கள் தங்கை நலம். என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர வேறு குறையில்லை. உங்கள் மருமகள், நம் சின்னவள், இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். முடித்தது அவள் என்று பள்ளிக்கூடம் சொல்கிறது. படித்தவன் நான்.

பள்ளி திறந்த வாரமே வகுப்பு மிஸ் பெற்றோர்களை அழைத்து, முழங்கால் உயர நாற்காலிகளில் உட்காரவைத்து, "இந்த வருஷம் புத்தகம் கம்மி, செய்முறைதான் ஜாஸ்தி. பிள்ளைங்க தாங்களே கையால செஞ்சு கத்துக்கட்டும். தயவுசெஞ்சு நீங்க யாரும் செஞ்சு குடுக்காதீங்க" என்றார். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினோம். வாசலுக்கு வந்ததும் எதிர்வீட்டு எஞ்சினியர் என் காதோரம் வந்து, "சார், தெர்மோகோல் எங்க மலிவா கிடைக்கும்?" என்று கேட்டார். அவர் பையனும் இதே வகுப்பு. நானும் லேசுப்பட்டவன் இல்லை. குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போடுகிறவன், ஸ்கேல் இல்லாமல் கோடு இழுத்தறியாத கை. என் பெண் அவர் பையனிடம் தோற்றால் நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது, நீங்களே சொல்லுங்கள்.

முதல் பாடம், விதை முளைப்பது. சின்னவள் ஒரு டம்ளரில் ஈரப்பஞ்சு வைத்து, அதில் ஓர் அவரை விதையைப் போட்டு, "இன்னும் தூங்குதுப்பா, சத்தம் போடாதே" என்று சன்னலடியில் காவல் இருந்தாள். எதிர்வீட்டு விதை இலை விட்டுவிட்டதாகத் தகவல் வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேர் விட்டிருக்கிறதா என்று தினமும் எடுத்துப் பார்த்தேன், உரம் வேறு கரைத்து ஊற்றினேன். விதை அழுகிப்போனது. அவள் தூங்கி எழுவதற்குள் நாற்றுப் பண்ணைக்கு ஓடி, பார்க்க லட்சணமாக இருந்த ஒரு செடியை வாங்கி நட்டுப் பள்ளிக்கு அனுப்பினேன். வகுப்பு சன்னலில் நன்றாகத்தான் வளர்ந்தது. வளர்ந்து தக்காளி காய்த்தது. "உங்க வீட்டு அவரை விதை ரொம்ப விசேஷம் சார்" என்றார் மிஸ். குழாய் தெரிந்தவனுக்குச் செடி தெரிய வேண்டும் என்று சட்டமா?

அடுத்து மாறுவேடம். 'நமக்கு உதவுவோர்' என்பது தலைப்பு. "தபால்காரர் ஆகறேன்ப்பா. ஒரு பையும் தொப்பியும் போதும்" என்றாள். எல்லாரும் பையும் தொப்பியுமாக வந்தால் நமக்கென்ன பெருமை? உட்கார்ந்து அளவெடுத்து, அட்டை வெட்டி, சிவப்பு அடித்து, அவளைத் தபால்பெட்டி ஆக்கிவிட்டேன். அளவில் துளி பிசகில்லை. வகுப்புக் கதவை அளக்க மட்டும் மறந்துவிட்டேன். உள்ளே நுழைய முடியாமல், உட்காரவும் முடியாமல், பாவம், அவள் நிகழ்ச்சி முடியும்வரை தாழ்வாரத்திலேயே நின்றாள். போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் மிட்டாய்த் தாளை அவள் வாய்க்குள் போட்டுவிட்டுப் போயின. சாயங்காலம் அட்டையைக் கழற்றும்போது, "உள்ள ஒரே இருட்டா இருந்துச்சுப்பா" என்றாள், அவ்வளவுதான். உங்கள் தங்கை பேச்சை நிறுத்தியது அன்றைக்குத்தான்.

வருடக் கடைசியில் கண்காட்சி. நான் நீரேற்று நிலையம் செய்தேன். நிஜ மோட்டார், நிஜக் குழாய், அச்சு அசல் எங்கள் அலுவலகம். நம்முடையதில் தண்ணீர் ஏறும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். சின்னவள் பசை தடவ வந்தாள். "சிந்திடுவே, தள்ளி உட்காரு" என்றேன். தலைமையாசிரியை வந்து, "யாரும்மா இதைச் செஞ்சது?" என்று கேட்க, இவள் கணீரென்று, "எங்கப்பா. என்னைத் தொடவே விடலை" என்கிறாள். பக்கத்து மேசையில் எஞ்சினியரின் ராக்கெட். அவர் பையன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "நானே செஞ்சேன் மேடம்" என்றான். முதல் பரிசு அவனுக்கு. பிள்ளையை எப்படிப் பழக்கியிருக்கிறார் பாருங்கள் மச்சான். நாம்தான் உண்மை பேசு, உண்மை பேசு என்று சொல்லிச் சொல்லிப் பெண்ணைக் கெடுத்துவைத்திருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்து என் குழாய் இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் அறை முழுக்கப் பரவியது. பெரியவர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் ஓட, சின்னவள் தரையில் குந்தி, அழைப்பிதழ்த் தாளை மடித்து ஒரு கப்பல் விட்டாள். பரிசு வாங்கிய பையன் பரிசைப் போட்டுவிட்டு, "எனக்கும் ஒண்ணு சொல்லிக் குடு" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு வகுப்பே உட்கார்ந்துவிட்டது. தலைமையாசிரியை மறுபடியும், "இது யாரு செஞ்சது?" என்றார். "நான்" என்றாள். அந்த 'நான்'-ஐ நான் அந்த வருடம் முழுக்கக் கேட்கவில்லை மச்சான். கப்பலின் மடிப்பு நேராக இல்லை, அது வேறு விஷயம்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இனி அவள் பாடத்தில் என் கை படாது. கத்தரிக்கோல், பசை, மோட்டார் எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றியாகிவிட்டது. உங்கள் தங்கையிடம் இதை எடுத்துச் சொல்லி, பேசச் சொல்லுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பின்குறிப்பு: படித்ததும் இதை மடிக்காமல், கசக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். பள்ளி திறந்ததும் மிஸ்ஸிடம் கொடுக்க வேண்டும். 'இந்த ஆண்டு நான் கற்றதையும் செய்ததையும் பற்றி மாமாவுக்குக் கடிதம் எழுதுக' என்பது சின்னவளின் விடுமுறைப் பாடம். எழுதத்தான் உட்கார்ந்தாள். 'மாமா, நான் கப்பல் செஞ்சேன். அது மிதந்துச்சு' என்று இரண்டே வரி, அதுவும் கோணல்மாணலாக. பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? இப்படிக் கொடு என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். அவள் அந்த இரண்டு வரித் தாளை அதோ கப்பலாக மடித்துக்கொண்டிருக்கிறாள். மடிப்பு இன்றைக்கும் கோணல்தான். ஒரு நிமிஷம், சரிபண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.