ஏழாம் பாகத்தில் காணாமல் போன பதினாறு பக்கம்

அன்று காலை ஒன்பது மணிக்கு நான் ஒரு முடிவெடுத்தேன். இந்த வீட்டுக்குள் இனிமேல் பேய் நுழையக் கூடாது.

நான் முடிவெடுப்பது அபூர்வம். எடுத்த முடிவு மத்தியானச் சாப்பாடு வரை உயிரோடு இருப்பது அதைவிட அபூர்வம். இருந்தாலும் எடுத்தேன். அடுப்பில் வைத்தது மூன்றாவது நாளாகக் கருகினால் எந்த ஆண்மகனுக்கும் வீரம் வரும்.

நான் புத்தக பைண்டிங் செய்பவன். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பழைய புத்தகத்தைப் பிரித்து, பதினாறு பதினாறு பக்கமாக இருக்கும் ஃபாரங்களை வரிசைப்படுத்தி, ஊசி நூலால் தைப்பது என் மனைவி. தைத்ததை வெட்டி, பசை போட்டு, அட்டை கட்டுவது நான். அதாவது உள்ளே இருப்பதெல்லாம் அவள் பொறுப்பு, மேலே தெரிவது மட்டும் என் பொறுப்பு. புத்தகத்தில்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள்.

இருபத்தெட்டு வருஷமாக வேலை ஒழுங்காக நடந்தது. லைப்ரரிக்கார அம்மா ஒரே கதையின் ஏழு பாகங்களைக் கிழிந்த கோலத்தில் கொண்டுவந்து போட்டார் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது சனி. கல்லூரிப் பெண்கள் போட்டி போட்டு வாசித்துக் குதறிய புத்தகங்கள். ஒரு புத்தகத்தை ஒரே நாளில் தைத்து முடிக்கும் என் மனைவி முதல் பாகத்துக்கு நாலு நாள் எடுத்தாள். எட்டிப் பார்த்தால், மடியில் ஊசி தூங்குகிறது. அவள் வாசிக்கிறாள். உதடு அசைகிறது. காலையும் மாலையும் பிரார்த்தனைக்கு மட்டுமே அசையும் உதடு.

என்ன புத்தகம் என்று கேட்டேன். கதை என்றாள். என்ன கதை என்றேன். லைப்ரரிக்கார அம்மா சொன்னாரே, பேயும் வருமாமே என்றேன்.

“பேய்க்கதை இல்லைங்க. காதல் கதைதான். பையன் மட்டும் செத்துப் போயிட்டான்.”

“எப்ப?”

“நூத்து நாப்பது வருஷம் முன்னாடி.”

“அப்புறம் எப்படிக் காதலிக்கிறான்?”

“மழை பெய்யுறப்ப வருவான்.”

எனக்கு நாற்காலியில் உட்காரத் தோன்றியது. ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

நான் அதிர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காதல் என்ற சொல்லை எங்கள் வீட்டில் நான் மூன்று மாதமாகத் தடை செய்து வைத்திருந்தேன். வெளியூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் எங்கள் மகள் ஒருநாள் வந்து, அங்கே ஒருவரைப் பிடித்திருக்கிறது என்றாள். டாக்டரா என்று ஆசையாகக் கேட்டேன். இல்லையாம். கம்பவுண்டரா என்று கொஞ்சம் இறங்கினேன். அதுவும் இல்லையாம். ஆஸ்பத்திரியின் சவ வண்டி ஓட்டுகிறவராம்.

நான் எழுந்து நின்றேன். அந்த வண்டி என் வாசலில் வந்து நிற்கும்போது நான் உயிரோடு இருக்க மாட்டேன் என்று சபதம் போட்டேன். “நீங்க உயிரோட இல்லாதப்பதான்பா அது வரும்,” என்றாள் மகள். சொல்லிவிட்டு அழுதாள். பையைத் தூக்கிக்கொண்டு போனவள்தான். அப்புறம் அம்மாவுக்கு மட்டும் போன் வரும். நான் பக்கத்தில் போய் நின்றால், “சாப்பிட்டாராம்மா?” என்று என்னைப் பற்றி அவளிடம் கேட்பது காதில் விழும். அவ்வளவுதான் எனக்குக் கிடைக்கும் பங்கு.

என் மனைவி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சண்டை போடுகிற சாதி இல்லை அவள். பிரார்த்தனையில் மட்டும் ஐந்து நிமிஷம் கூட்டிக்கொண்டாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன் செய்யக் கூடிய தப்பா இது?

சரி, கதைக்கு வருகிறேன். இப்படிப்பட்ட புத்தகத்தைப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று லைப்ரரிக்கார அம்மாவிடம் நாலு கேள்வி கேட்பது என்று தீர்மானித்தேன். கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆதாரத்துக்கு வாசிக்க வேண்டும். தைத்து முடிந்த முதல் பாகம் என் பசைப் பலகைமேல் விரித்தபடியே கிடந்தது. சிவப்புப் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.

கலங்கரை விளக்கம் காக்கும் ஒருவர். அவருக்குப் பத்தொன்பது வயதில் ஒரே மகள். எப்போதோ படகு கவிழ்ந்து மூழ்கிப் போன ஒரு பையன், மழைநாளில் அவளைப் பார்க்க வருகிறான். நிழல் கிடையாது. மூச்சு கிடையாது. ஈரக் கால்தடம் மட்டும் உண்டு. விடிந்ததும் அந்த அப்பா, கூரை ஒழுகுகிறது போல என்று நினைத்துக்கொண்டு தரையைத் துடைக்கிறார்.

முதல் இருபது பக்கத்தில் பதினொரு இடத்தில் சிவப்புக் கோடு போட்டேன். நாற்பதாவது பக்கத்தில் பென்சில் காதுக்குப் போனது. நூறாவது பக்கத்தில், அவளைத் தொட்டால் அவள் ஆயுளில் ஒருநாள் குறையும் என்று தெரிந்ததும் அந்தப் பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறான். என்னை அறியாமல் நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். புத்தகம் கீழே விழுந்தது.

மறுநாள் இரண்டாம் பாகம் ஆச்சா என்று மனைவியிடம் கேட்டேன். ஆதாரம் போதவில்லை என்று காரணமும் சொன்னேன். அவள் நூலுக்கு மெழுகு தடவினாள்.

மூன்றாம் பாகத்தில் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதுவரை நான் அவர் கட்சி. தகப்பன் கஷ்டம் தகப்பனுக்குத்தானே தெரியும். ஆனால் நாலாம் பாகத்தில் மனுஷன் மகளின் ஜன்னலில் பலகை வைத்து ஆணி அடித்தார். ஐந்தாம் பாகத்தில் மகளோடு பேசுவதையே நிறுத்தினார். ஆறாம் பாகத்தில் அவள் காய்ச்சலில் கிடக்கிறாள். பக்கத்து அறையில் இருந்துகொண்டு, சாப்பிட்டாளா என்று வேலைக்காரியிடம் விசாரிக்கிறார். எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம். இவ்வளவு கல்நெஞ்சக்காரன் உலகத்தில் உண்டா என்று பசை வாளியைத் தட்டிக் கத்திவிட்டேன். எதிர்வீட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஓடிவந்தார்.

“என்ன அண்ணே, வீட்டுல ஏதாவது துக்கமா?”

“பையன் செத்துட்டான்யா.”

“ஐயோ. எப்ப?”

“நூத்து நாப்பது வருஷம் ஆகுது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “ரொம்ப நெருங்கின சொந்தமோ?”

“மாப்பிள்ளை மாதிரி,” என்றேன்.

அவர் மெதுவாகப் பின்னால் நடந்தே தெருவைக் கடந்தார். அன்று முதல் என்னிடம் கண் பரிசோதனைக்கு வரச் சொல்வதை நிறுத்திவிட்டார். பரிசோதிக்க வேண்டியது கண் இல்லை என்று முடிவு கட்டியிருப்பார்.

இப்போது வீட்டில் அடுப்பில் எதுவும் கருகவில்லை. பட்டறையில்தான் பசை கருகியது. அவள் வேகமாகத் தைத்தால் போதும் என்று காய்கறி நறுக்கிக் கொடுத்தேன். தண்ணீர் பிடித்து வைத்தேன். ஏழாம் பாகத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது ஆறு நாள். ஆறு நாளும் நான் பூனை மாதிரி அவளைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கொடுத்தாள். வாசித்தேன். இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கம். மழை கொட்டுகிறது. வெளியே அந்தப் பையன் நனைந்துகொண்டு நிற்கிறான். மகள் பையோடு வாசற்படியில் நிற்கிறாள். “அப்பா, நான் போகட்டுமா?” என்கிறாள். அவர் வாயைத் திறக்கிறார்.

பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கமே இல்லை, தைத்த நூலின் முடிச்சுதான் இருந்தது.

திரும்பவும் திருப்பிப் பார்த்தேன். புத்தகத்தைக் கவிழ்த்து உதறினேன். கடைசி ஃபாரம் எங்கே என்று மனைவியிடம் ஓடினேன். தைக்கும்போது தன் கையில் இருந்தது பதினெட்டு ஃபாரம்தான், இருந்ததைத் தைத்ததாகச் சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். நம்பினேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஃபாரம் தொலைந்துபோன புத்தகத்தில், தொலைந்த பக்கங்கள் எத்தனையோ அத்தனை வெள்ளைத்தாள் வைத்துத் தைத்துவிட வேண்டும். இங்கே ஏதோ இருந்தது என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா. நான் கனத்த மனதோடு வெள்ளைத்தாளை மடிக்க ஆரம்பித்தேன்.

“வெறும் தாளா வச்சா, வாசிக்கிற பிள்ளைங்க தவிச்சுப் போகாதாங்க?” என்றாள் மனைவி. “அந்த அப்பா என்ன சொல்லுவாரோ, அதை நீங்களே எழுதி வைங்களேன்.”

“எனக்கு எழுதத் தெரியுமா?”

“எழுத்தாளராத்தான் இல்ல. அப்பாவாத்தான் இருக்கீங்களே.”

எனக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தேன். நாலாவது தாளில் வந்தது. ஆறு பாகத்துக் கோபமும் ஏழு பாகத்து இரக்கமும் சேர்ந்து வந்தது.

‘மகளே, அவன் யார், என்ன வேலை செய்கிறான், உயிரோடுதான் இருக்கிறானா என்றெல்லாம் கேட்டுக் கேட்டு உன்னை வாசலில் நிறுத்திவிட்டேன். உன் குரல் கேட்காத வீட்டில் நான் ஜெயித்து என்ன செய்யப் போகிறேன்? நீ தேர்ந்தெடுத்தவன் உன்னை அழவைக்கவில்லை. நான்தான் அழவைத்தேன். அவனையும் உள்ளே கூப்பிடு. தரை ஈரமானால் நான் துடைத்துக்கொள்கிறேன்.’

எழுதி முடித்தபோது என் மூக்கு ஒழுகியது. மனைவி வாசித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுதியதற்கு அடியில் கையெழுத்து வேண்டாமா என்று கேட்டாள். என் பெயர் எதற்கு என்றேன். பெயர் வேண்டாம், அப்பா என்று மட்டும் போடுங்கள் என்றாள். போட்டேன். தாளை வாங்கிப் பதமாக மடித்துக்கொண்டு உள்ளே போனாள். தைக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து, சாயங்காலம் போன் அடித்தது. மகள். அம்மாவைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள். போனை வாங்கிக் காதில் வைத்தேன்.

“அப்பா. வாசிச்சேன்பா.”

அட, இவளும் அந்தத் தொடரை வாசிக்கிறாளா என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

“அழுகை வந்துச்சாம்மா?”

“நிறுத்தவே முடியலப்பா. அவரும் அழுதாரு.”

“எவரு?”

“அவர்தான்பா. உயிரோடதான் இருக்கேன்னு அப்பாகிட்ட சொல்லு அப்படின்னு சொன்னாரு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வரோம். தரையெல்லாம் நீங்க துடைக்க வேணாம்பா, நான் வந்து பார்த்துக்கிறேன்.”

போனை வைத்ததும் பசை வாளியில் காலை வைத்துவிட்டேன். அப்படியே இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே என் மனைவி பூதத்தை வைத்துக் கிணறு வெட்டியிருக்கிறாள்.

அவள் அமைதியாக உட்கார்ந்திருந்தாள். அந்தத் தாளை மகளுக்குத் தபாலில் போட்டேன் என்றாள். நீங்கள் எழுதியதுதான், நீங்கள் கையெழுத்துப் போட்டதுதான், ஒரு புள்ளிகூட மாற்றவில்லை என்றாள். அது கதையில் வருகிற பெண்ணுக்கு எழுதியது என்று குதித்தேன்.

“பிறக்கவே பிறக்காத ஒரு பொண்ணு, மூச்சே இல்லாத ஒருத்தனைக் கட்டிக்கிறேன்னு சொன்னா, அழுதுக்கிட்டே சம்மதம் கொடுக்குறீங்க,” என்றாள், குரலை உயர்த்தாமல். “நாம பெத்த பொண்ணு, ரத்தமும் சதையுமா ஒருத்தரைக் கேட்குறா. நம்மாளு அந்த வண்டியை ஓட்டுறவருங்க. உங்க கதை மாப்பிள்ளைதான் அதுல ஏறிப் போக வேண்டியவன்.”

நான் வாயைத் திறந்தேன். இருநூற்று எண்பத்தெட்டாம் பக்கத்து அப்பா மாதிரியே திறந்தபடி நின்றேன். உண்மையைச் சொன்னால், போனில் அந்தக் குரலைக் கேட்ட பிறகு எனக்கும் வாதாடும் தெம்பு போய்விட்டது. ஆனாலும் ஆண்மகன் அல்லவா. நூல் பிடித்து ஒரு சந்தேகத்துக்கு வந்தேன். கடைசி ஃபாரம் தொலையவே இல்லையோ?

கேட்டேன். தொலைந்தது என்று தான் சொல்லவில்லையே என்றாள். தைக்கும்போது அது கையில் இல்லை, பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் இருந்தது என்றாள். எடுத்துக் கொடுத்தாள்.

நின்றபடியே வாசித்தேன். அந்த அப்பா என்ன சொன்னார் தெரியுமா? ஒன்றுமே சொல்லவில்லை. கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். மகள் போய்விட்டாள். மீதிப் பதினைந்து பக்கமும் மழை பெய்கிறது. அவர் தனியாக, காய்ந்து கிடக்கிற தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்.

உண்மையான கதையில் அப்பா சம்மதிக்கவே இல்லையே என்றேன் அவளிடம். என்னை மட்டும் ஏமாற்றி எழுத வைத்துவிட்டாயே என்றேன்.

“தெரியுங்க,” என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. “அதை முதல்ல கொடுத்திருந்தா நீங்களும் அதையேதானே எழுதியிருப்பீங்க?”